12.99 டாலர்

ஏற்றுமதியில் மிஞ்சிய துணி விற்கும் திருப்பூர் காதர்பேட்டையில் இன்று கையில் எடுத்த டி-சர்ட்டில் 12.99 டாலர் என்று விலைச்சீட்டு அப்படியே தொங்குகிறது. கடைக்காரர் சொன்ன விலை 150 ரூபாய்.

"சீட்டைப் பிச்சுக்கலாங்க, துணியப் பாருங்க."

2025 ஆகஸ்ட் 27ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50% ஆனது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம்! அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20% தான்.

வரி கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தானே என்கிறார்கள். சரி, காகிதத்தில் அப்படித்தான். ஆனால் அவர் உடனே திருப்பூருக்குப் போன் போட்டு விலையைக் குறை என்பார், கம்பெனிக்காரர் சாயப்பட்டறையிடம் குறைக்கச் சொல்வார், அப்புறம் ஆர்டரே வியட்நாமுக்குப் போனால் இங்கே பிசிறு வெட்டும் அக்காவுக்கு வேலை நாள் குறையும்.

அந்த அக்கா எந்தக் கப்பலில் எண்ணெய் வாங்கினார்?