333 மைக்ரோநொடியில் ஒளிந்திருந்த 3 நொடி

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மாடியில் நட்ட இரும்புக் கம்பம் அந்தக் காற்றில் எப்படி அதிர்கிறது என்று பதிவு செய்து வருகிறேன். அதிர்வுக்கு ஏடிஎக்ஸ்எல்335 சென்சார், அதைப் படிக்க 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (நொடிக்கு 1,60,00,000 முறை துடித்து நேரம் காட்டும் படிகம்) உள்ள ஆர்டுயினோ என்ற சிறு கணினி போர்டு. காற்றின் வேகத்துக்குத் தனிப் பதிவுப்பெட்டி. அதற்கு டிஎஸ்3231 கடிகாரச் சிப் நேரம் சொல்கிறது.

இரண்டு பதிவுகளும் தொடக்கத்தில் அச்சாகப் பொருந்தின. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், காற்று வீசுவதற்கு மூன்று நொடி முன்பே கம்பம் ஆடியதாகக் காட்டியது!

ஆர்டுயினோவிடம் நான் கேட்டது நொடிக்கு 3000 சாம்பிள், அதாவது 3000 அளவீடு. எப்போது அளக்க வேண்டும் என்று சொல்லும் அதன் டைமர், கிரிஸ்டலின் துடிப்புகளை முழு எண்ணால்தான் வகுக்கும். 1,60,00,000-ஐ 3000-ஆல் வகுத்தால் 5333.33; டைமர் எடுப்பது 5333. ஆக உண்மையில் வருவது 3000.1875. இதனால் வரும் பிசகு மணிக்குக் கால் நொடிகூட இல்லை. அப்படியானால் மூன்று நொடி எங்கே போனது?

கணினியில் பதிவு செய்யும் மென்பொருள்தான் காரணம். இரண்டு சாம்பிளுக்கு நடுவே சரியான இடைவெளி 333.3125 மைக்ரோநொடி (ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோநொடி). மென்பொருள் அதை 333 என்று முழுதாக்கி, ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதையே கூட்டிக்கொண்டு போகிறது. விட்டுப்போவது 0.3125 மைக்ரோநொடிதான். ஆனால் மணிக்கு 1 கோடியே 8 லட்சம் சாம்பிள்! பெருக்கினால் 3.375 நொடி. சாம்பிள் எண்ணை இடைவெளியால் பெருக்கி, கடைசியில் மட்டும் முழுதாக்கியிருந்தால் பிசகு அரை மைக்ரோநொடியைத் தாண்டாது. முழுதாக்குவதில் தப்பில்லை, முழுதாக்கியதைக் கூட்டுவதுதான் தப்பு.

இப்போது டைம்ஸ்டாம்பையே, அதாவது ஒவ்வொரு சாம்பிளின் நேரக் குறிப்பையே, சேமிப்பதில்லை. சாம்பிள் எண் மட்டும்தான். அப்புறம் டிஎஸ்3231 தரும் ஒரு நொடித் துடிப்பை அதிர்வுப் போர்டின் டிஜிட்டல் பின்னிலும் கொடுத்தேன். சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி தருவது 10 பிட். அதைச் சேமிக்கும் இரண்டு பைட்டில் (16 பிட்) 6 பிட் சும்மா கிடக்கிறது. அதில் ஒன்றில் துடிப்பு ஏறிவிடுகிறது.

ஒரு மணி நேரத் துடிப்புகளுக்கு இடையே எண்ணியதில், கணக்கைவிடச் சுமார் 300 சாம்பிள் குறைவு. அதாவது கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 28 பங்கு மெதுவாக ஓடுகிறது. டிஎஸ்3231-இன் பிசகு 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு 2 பங்குக்குள் என்பதால் இந்த எண்ணை நம்பலாம். ஆனால் மாடி வெயிலில் கிரிஸ்டலின் வேகம் மாறும். அதனால் ஒரே எண்ணை வைத்துத் திருத்தாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக எண்ணிக்கொள்கிறேன்.