அப்பா சார்ட் பார்த்த கொலை

அப்பா முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ரிட்டயர் ஆகிப் பெரம்பூர் வீட்டில் டிவி ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு, லஸ் நடைபாதையில் வாங்கிய அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' நாவலின் அட்டை கிழிந்த பிரதியைக் கொடுத்தேன். கதைப் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை அவர். ரயில் என்பதால் பிரித்தார்.

இஸ்தான்புல்லிலிருந்து பிரான்சின் கலே வரை போகும் படுக்கைப் பெட்டியில் துப்பறிவாளர் புவாரோவுக்கு இடம் கேட்கிறார்கள். நல்ல குளிர்காலம். காலியாகக் கிடக்க வேண்டிய பெட்டியில் முதல் வகுப்பு முழுக்க ஃபுல். அப்பா புத்தகத்தை மடியில் கவிழ்த்தார்.

"சீசனே இல்ல, ஃபுல்லுங்கறான். இதுல என்னமோ இருக்கும்மா."

அந்தப் பக்கத்தில் கொலையே இன்னும் நடக்கவில்லை!

அப்புறம் ஹாரிஸ் என்று ஒருவர் வந்து சேரவில்லை. ரயில் கம்பெனி இயக்குநர் புவாரோவின் சிநேகிதர். வராதவரின் 7-ஆம் நம்பர் படுக்கை புவாரோவுக்குப் போகிறது. "ஆர்ஏசி-ல காத்துட்டிருக்கிறவன் கதி?" என்று அப்பாவுக்கு நிஜமாகவே கோபம்.

கிறிஸ்டி இதைச் சும்மா கற்பனையில் எழுதவில்லை. 1929-ல் இந்த ரயில் துருக்கியில் செர்கெஸ்கோய் அருகே பனியில் சிக்கிப் பல நாள் நின்றது. 1931 டிசம்பரில் மழை வெள்ளத்தில் தண்டவாளம் பழுதாகி ரயில் நின்றபோது அவரே உள்ளே இருந்தார். நாவல் வந்தது 1934-ல். அதற்கு முன்பே, 1928-ல், இன்னொரு நாவலில், பிரான்சின் ரிவியரா கடற்கரைக்குப் போகும் நீல ரயிலில் ஒரு பணக்காரப் பெண்ணைக் கொன்றிருந்தார். அந்தப் புத்தகம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

சொகுசு ரயில் என்றால் வெள்ளிக் கரண்டியும் வெல்வெட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அப்பாவோடு பேசப் பேச, கொலைக்கு வேண்டியது கதவு என்று புரிந்தது. ஒரு பக்கம் நீள நடை, மறு பக்கம் வரிசையாகச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் உள்தாழ்ப்பாள். பணக்காரர்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தாழ்ப்பாளைத்தான். நம் ஸ்லீப்பர் கோச்சில் யாரைக் கொல்ல முடியும்? செங்கல்பட்டு வருவதற்குள் எதிர் சீட்டு மாமி உங்கள் ஊர், சம்பளம் எல்லாம் கேட்டு முடித்திருப்பார். நள்ளிரவில் எழுந்தால் நாலு பேர் "எந்த ஸ்டேஷன்?" என்பார்கள்.

நடையின் கடைசியில் ஒரு கண்டக்டர் உட்கார்ந்திருப்பார். யார் வந்தார், யார் போனார் என்பதற்கு அவர்தான் சாட்சி. அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தது அவர் சொல்லும் ஒரு வரியில் மட்டும்தான்: ராத்திரி ஒரு மணி வாக்கில் பக்கத்துப் பெட்டிக்குப் போய் சக ஊழியரோடு பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். "டியூட்டில சீட்டை விட்டு எந்திரிக்கிறதா?" என்றார். முடிவை மூன்று நாள் கழித்துப் படித்தவர், "ம்" என்றதோடு சரி.

போன மாதம் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணம். பாஸெல்லாம் வேண்டாம் என்று நானே காசு போட்டு எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏசி முதல் வகுப்பு எடுத்தேன். அதிர்ஷ்டத்துக்கு இரண்டு பேர் கூபே. அப்பா தாழ்ப்பாளை மூன்று முறை போட்டு எடுத்துப் பார்த்தார்.

நடு ராத்திரி விழித்தால் எதிர் படுக்கையில் கம்பளி மட்டும்தான் கிடந்தது. வெளியே வந்தேன். நடையில் ஒருவரும் இல்லை. கோடியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கோச் அட்டெண்டரும் அப்பாவும் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று என்னமோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு அறைக் கதவாகத் தொட்டுக்கொண்டே நடந்து, திரும்பி வந்து படுத்தேன். இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.