பொதுக் கணினியில் சிஸ்ஆர்க்யூ: எதைப் பூட்டுவது, எதை விட்டுவைப்பது

பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் சில லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. அவற்றில் ஒன்றில், திரையைப் பூட்டிவிட்டு எழுந்துபோன ஒருவர் திரும்பி வந்து பார்த்தபோது பூட்டைக் காணவில்லை. அவருடைய கோப்புகள் அப்படியே திறந்து கிடந்தன. கடவுச்சொல் யாருக்கும் கசியவில்லை. கணினி உறைந்துவிட்டதாக எண்ணிய வேறொருவர், எங்கோ படித்ததை நினைவில் வைத்து, ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, எஃப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்துச் சில முறை அழுத்தியிருக்கிறார்.

சிஸ்ஆர்க்யூ என்பது பெரும்பாலான விசைப்பலகைகளில் பிரின்ட் ஸ்கிரீன் விசையேதான். ஆல்ட் விசையோடு அதையும் ஓர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், மேலே ஓடும் நிரல்கள் எல்லாம் முடங்கியிருந்தாலும் பெரும்பாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே நேரடியாக அந்தக் கட்டளையை நிறைவேற்றிவிடும். எஃப் என்ற எழுத்து, நினைவகம் தீர்ந்துபோகும்போது கெர்னல் செய்வதை உடனே செய்யச் சொல்கிறது; அதாவது, அதிக நினைவகம் பிடித்திருக்கும் நிரலைத் தேர்ந்து கொன்றுவிடுகிறது. எங்கள் திரைப்பூட்டு தனி நிரலாக ஓடும் பழைய வகையைச் சேர்ந்தது. அடுத்தடுத்து விழுந்த பலிகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

அன்று மாலையே, எந்தக் கட்டளைகளை அனுமதிப்பது என்று கெர்னலுக்குச் சொல்லும் சிஸ்ஆர்க்யூ மதிப்பை எல்லாக் கணினிகளிலும் 0 ஆக்கி, எல்லாக் கட்டளைகளையும் முடக்கினேன். அது அவசரத்தில் செய்த தவறு. சில நாள்களில் ஒரு கணினி உண்மையாகவே உறைந்தபோது, வேறு வழியில்லாமல் மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்தார்கள். எழுதி முடியாத ஒரு கோப்பு பாழானது. விசைப்பலகைக்கு அருகில் அமர்ந்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் மின்கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்னும்போது, மறுதொடக்கக் கட்டளையை மட்டும் அவரிடமிருந்து மறைத்து என்ன பயன்? மறைக்க வேண்டியவை, மின்கம்பியைப் பிடுங்கிச் செய்ய முடியாத வேலைகள்: பிறருடைய நிரலைக் கொல்வதும், நினைவகத்தின் உள்விவரங்களைத் திரையில் கொட்டுவதும்.

இதற்கான வசதி கெர்னலிலேயே இருக்கிறது. 1 என்று வைத்தால் எல்லாம் திறந்துவிடும். அதற்கு மேற்பட்ட எண், அனுமதிகளின் கூட்டுத்தொகையாகக் கொள்ளப்படும். வட்டில் எழுதாமல் நிற்பவற்றை எழுதி முடிக்க 16, வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்ற 32, மறுதொடக்கத்துக்கு 128. மூன்றும் சேர்ந்தால் 176. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இயல்பாக வரும் எண்ணும் இதுதான். நிரல்களைக் கொல்வதற்கான 64, உள்விவரங்களுக்கான 8 ஆகிய இரண்டும் இதில் இல்லை. இன்னொரு வகையான டெபியனின் 438 இன்னும் சிலவற்றைத் திறந்துவிட்டாலும், அதிலும் இந்த இரண்டும் கிடையாது. இந்தக் கட்டுப்பாடு விசைப்பலகைக்கு மட்டுமே உரியது என்பதால், ரூட் என்னும் முழு நிர்வாக அதிகாரம் உள்ளவர் தொலைவிலிருந்து நுழைந்து எந்தக் கட்டளையையும் ஏவலாம். பராமரிப்பவருக்கு அது ஒரு நிம்மதி.

கன்ட்ரோல்–ஆல்ட்–டெலீட் தனிக் கதை. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் உள்ள கணினியில், எழுத்துகள் மட்டுமே தெரியும் உரைமுனையத்தில் அது இயல்பாக மறுதொடக்கம் செய்யும். அதற்கென சிஸ்டம்டியில் உள்ள ‘இலக்கு’ என்ற அமைவை முடக்கிய பிறகும், 2 நொடிக்குள் 7 முறைக்கு மேல் அழுத்தினால் கட்டாய மறுதொடக்கம் நிகழும். அதை நிறுத்துவதற்குத் தனி அமைவு உண்டு என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

திரைப்பூட்டு நிரலையும் பிறகு மாற்றிவிட்டேன். இப்போது எல்லாக் கணினிகளிலும் 176தான். ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் எஸ் (எழுதி முடிக்க), யூ (படிக்க மட்டும் என்று மாற்ற), பி (மறுதொடக்கத்துக்கு) என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி வைத்திருக்கிறேன். ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூவையும் பிடித்துக்கொண்டு அவற்றை அந்த வரிசையிலேயே அழுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நொடிகள் பொறுக்க வேண்டும் என்பதையும் அடியில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.