கீலைக் கழற்றணும்னா முதலில் படகு மேலே போகணும்

22 அடிப் பாய்மரப் படகு. கீல், அதாவது படகு சாயாமலிருக்க அடியில் தொங்கும் கனமான தகடு, மேலே மடங்கும் வகை. வார்ப்பிரும்பு, 250 கிலோ பக்கம் வரும். ட்ரெய்லரில் படகு உட்கார்ந்திருக்கும்போது கீல் சட்டத்தின் மேலேயே படுத்துக்கிடக்கிறது, கை நுழையக்கூட இடமில்லை. கொஞ்ச நாளாக அலையில் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். கீல் மடங்கித் திரும்பும் அச்சு போல்ட் தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டது என்று புரிந்தது.

கிரேன் வைத்து வாரில் தூக்குவது சுலபம்தான். ஆனால் கீலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, காயவைத்து, திரும்ப மாட்டும்வரை கிரேன் நிற்குமா? அதனால் ஹைட்ராலிக் ஜாக்கியும் மரக்கட்டையும்தான். படகுக்கு அடியில் முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு உத்திரம், அதன் இரண்டு முனையிலும் கட்டை அடுக்கு. படகு அதில் நின்றதும் ட்ரெய்லரை அடியிலிருந்து உருவிவிடணும்.

பாய்மரம், இன்ஜின், பேட்டரி, நங்கூரம் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு டேப்பைக் கையில் எடுத்தேன். ஜாக்கி அடிப்பது வெறும் கைவேலை. மண்டையைக் குடைவது, ட்ரெய்லர் எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான். அதை முன்பக்கமாக இழுக்கப்போகிறோம். பின் உத்திரம் சக்கரங்களுக்குப் பின்னால் நிற்பதால் அங்கே தொல்லையில்லை. முன் உத்திரத்தைத் தாங்கும் இரண்டு கட்டை அடுக்குகளுக்கு நடுவே சக்கரமும் மட்கார்டும் புகுந்து போகணும். அடுக்குகளைத் தள்ளி வைத்தால் உத்திரம் நீளும், நீண்டால் வளையும். முன்பக்கத்துக்கு மட்டும் கனமான மரமாகப் போட்டேன். உத்திரம் ட்ரெய்லர் சட்டத்துக்கு மேலாக இருக்கணும், படகைத் தாங்கும் பலகைகளையும் கீழே இறக்கி வைக்கணும். உயரக் கணக்கு தனி: கீலின் அகலம், அதை இறக்கும் தள்ளுவண்டி, அதற்கு மேல் ஒரு சாண்.

உத்திரத்தைக் கண்ட இடத்தில் முட்டுக்கொடுத்தால் ஃபைபர் உள்ளே அமுங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். தடுப்புச் சுவர் இருக்கும் இடத்தில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கிறது, வெறும் ஃபைபரில் 'தொப்'. கெட்டியான இடத்தில் மட்டும் ப்ளைவுட், அதன் மேல் பழைய கம்பளம்.

பிறகு முன்னால் கொஞ்சம், ஒரு கட்டை. பின்னால் கொஞ்சம், ஒரு கட்டை. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. கட்டை ஏறாமல் யாரும் கீழே தலையை நீட்டக்கூடாது என்று நண்பனிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். கீலைத் தூக்கிப் பிடிக்கும் பழைய வின்ச் கம்பியை நம்பாமல் படகைச் சுற்றி ராட்செட் பெல்ட் ஒன்றும் கட்டினோம். ட்ரெய்லரைக் கையாலேயே உருட்டி வெளியே எடுத்தாயிற்று, மட்கார்டு உரசவில்லை.

கீல் இறங்கினால் படகின் அடிக்கனம் போய்விடும், லேசாகத் தள்ளினாலே சாயும். அதனால் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் முட்டுக்கால் கொடுத்து இறுக்கினோம்.

போல்ட் வெளியே வந்ததும் நகத்தால் தடவிப் பார்த்தேன், நடுவில் பள்ளம். கீலில் இருந்த ஓட்டையும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. போல்ட் மட்டும் மாற்றினால் சத்தம் நிற்காது, ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே புஷ், அதாவது போல்ட் நுழையும் குழல் வளையம், போடணும்.

உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கிரைண்டரில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். பளபளப்பு ராத்திரி தாண்டாது, ஈரக்காற்றில் மறுபடி செம்மண் நிறம் படரும். அதனால் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் முதல் கோட். புஷ் கடைசலில் இருக்கிறது. அது வருவதற்குள் வின்ச் கம்பியையும் மாற்றிவிடணும். துணியால் உருவினால் இரண்டு இடத்தில் நூல் மாட்டுகிறது.