கன்னம் படுற இடத்துலதான் விஷயமே இருக்கு

டெல்லி துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்கு ட்ராப் (பறக்கவிடுற களிமண் தட்ட ஷாட்கன்னால சுடுற போட்டி) சுட வர்ற நம்மூர் பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது, "அண்ணா நேராதான் பாக்குறேன், தட்டு உடையவே மாட்டேங்குது." (வேட்டைக்குத்தான் நம்ம நாட்ல தடையாச்சே, களிமண் தட்டோட திருப்திப்பட வேண்டியதுதான்.)

ஷாட்கன்ல பின் சைட்டே (குறி பாக்க கண்ணுக்கு கிட்ட இருக்குற பாகம்) கிடையாதுப்பா, உன் கண்ணுதான் பின் சைட், அது எங்க உக்காரணும்னு முடிவு பண்றது துப்பாக்கியோட பின்பக்க மரக்கட்டைல கன்னம் படுற மேல்விளிம்பு, அது உயரமா இருந்தா சுடுறது மேல போகும், தாழ்வா இருந்தா கீழ. மொதல்ல ரேஞ்சுல கேட்டு ஒரு பெரிய பேப்பர் மாட்டி 16 கஜத்துல நின்னு, ரொம்ப குறி பாக்காம, துப்பாக்கிய தோள்ல வச்ச வேகத்துலயே ஒரே புள்ளிக்கு நாலஞ்சு ரவுண்டு சுடு. பேப்பர்ல பட்ட ரவை (தோட்டாவுக்குள்ள இருக்குற சின்ன உருண்டைங்க) கூட்டத்தோட நடு அந்த புள்ளிலேர்ந்து 1 இன்ச் மேலயோ கீழயோ தள்ளியிருந்தா கட்டைல 1/16 இன்ச் மாத்தணும், அவ்ளோதான் கணக்கு. கீழ அடிச்சா கட்டை மேல டேப் ஒட்டி உயரத்த ஏத்து. மேல அடிச்சா மரத்த சீவணும், அத தெரிஞ்ச ஆள்கிட்ட குடு, சீவுனத திரும்ப ஒட்ட முடியாது. ஆனா ட்ராப்ல தட்டு மேல ஏறிக்கிட்டே போறதால கொஞ்சம் மேல அடிச்சா நல்லதுதான், அத போய் சரி பண்ணிடாத.

அப்புறம் ஜனவரி குளிர்ல தடி ஜாக்கெட் போட்டுட்டு கட்டை நீளம் அளவு எடுக்காத, மே மாசம் டீ-ஷர்ட்ல வந்தா எல்லாமே மாறியிருக்கும்.