10-உம் 10.0-உம் ஒன்றுதானா?

தரமணியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கென்று சிறிய கம்பைலர் ஒன்று இருக்கிறது; எழுதிய மூலநிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் நிரல் அது. கம்பைலர்கள் கட்ட உதவும் எல்எல்விஎம் என்ற மென்பொருள் தொகுப்பின் மேல் கட்டியது. ஒரு செயல்கூறு எந்தப் பதிப்பிலிருந்து கிடைக்கும் என்பதை மூலநிரலிலேயே "10 முதல்", "10.4 முதல்" என்று எழுதலாம். ஒருமுறை கம்பைல் செய்த மாட்யூலை, அதாவது நிரலின் ஒரு பகுதியை, பொதுச் சர்வரில் வைத்துக்கொண்டு, மறுமுறை அதையே எடுத்துத் தருவது அதன் வழக்கம்.

ஐப்பசி மழையில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்கிய வாரத்தில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்தோம். அப்போதுதான் உண்மை தெரிந்தது. யாருடைய மடிக்கணினியும் அடுத்தவர் சேமித்து வைத்த மாட்யூலைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருந்தோம்.

முதல் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது. பதிப்பு எண்ணின் ஹாஷை, அதாவது அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்ணை, எல்எல்விஎம்மின் சாதாரண ஹாஷ் வசதியால் கணக்கிட்டு, அப்படியே கோப்பின் பெயரில் சேர்த்திருந்தோம். அந்த எண் நிரலின் ஓர் ஓட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வட்டில் எழுதி வைக்கத் தக்கதல்ல. நினைவகத்தில் உள்ள அட்டவணைக்கு அது போதும். இரண்டு கணினிகள் ஒத்துப்போக வேண்டுமானால் எம்டி5 என்னும் ஹாஷ் முறை போல எங்கும் மாறாத ஒன்று வேண்டும். எண்ணின் பைட்டுகள் எந்த வரிசையில் போகும் என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

அவசரத்தில் பதிப்பின் பகுதிகளை எழுத்துகளாக ஒட்டி எம்டி5-க்குக் கொடுத்தேன். 1.12-உம் 11.2-உம் "112" ஆகிவிட்டன. இரண்டுக்கும் ஒரே ஹாஷ். பிறகு ஒவ்வொரு பகுதியையும் நிலையான அகலமுள்ள எண்ணாகத் தனித்தனியே கொடுத்தேன்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. எல்எல்விஎம்மில் பதிப்பு எண்ணுக்கென்றே உள்ள வகையில் 10-உம் 10.0-உம் சமம். எழுதாத பகுதி பூஜ்யமாகக் கொள்ளப்படும். ஆனால் இரண்டாம் பகுதி எழுதப்பட்டதா இல்லையா என்பதை ஒரு பிட் தனியாக நினைவில் வைத்திருக்கும். எங்கள் ஹாஷ் அந்தப் பிட்டையும் சேர்த்துக் கணக்கிட்டது. சமமான இரண்டுக்கு இரு வேறு ஹாஷ் கிடைத்தால், ஹாஷை வைத்தே இடம் தேடும் அட்டவணை என்ன செய்யும்? 10-க்கு ஓர் இடம், 10.0-க்கு இன்னோர் இடம். ஒரே செயல்கூறு இரண்டு முறை உருவாகி நின்றது.

பிட்டை ஹாஷிலிருந்து நீக்கினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சமம் என்றால் பிட் எதற்கு என்று, கோப்பில் எழுதும் இடத்திலும் அதை விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு சோதனை தோற்றது. பயனர் "10" என்று எழுதியிருக்க, சேமித்த மாட்யூலிலிருந்து வந்த பிழைச் செய்தி "10.0" என்றது. தான் எழுதாத ஒன்றைக் கம்பைலர் காட்டினால் அவர் அந்த வரியை எங்கே போய்த் தேடுவார்?

அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் வேளச்சேரியிலிருந்து தொலைபேசியில் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், எங்கள் வீட்டுப் பலகையில் பழைய எண் 12, புதிய எண் 27 என்று இரண்டும் இருக்கின்றன. எதைச் சொல்லிக் கேட்டாலும் தபால்காரர் ஒரே கதவுக்குத்தான் வருவார். ஆனால் கேஸ் புத்தகத்தில் எந்த எண் எழுதியிருக்கிறதோ, அதை நாமாக மாற்றக்கூடாது."

கதவைக் கண்டுபிடிப்பது ஹாஷின் வேலை. எழுதியதை எழுதியபடி காப்பது கோப்பின் வேலை. இரண்டையும் ஒரே விதியால் நடத்தப் பார்த்தது என் தவறு.

கோப்புக்கான வழி, எல்எல்விஎம் மேல் கட்டிய சி, சி++ கம்பைலரான கிளாங்கின் மூலநிரலில் கிடைத்தது. இரண்டாம், மூன்றாம் பகுதிகள் இருந்தால் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார்கள்; இல்லாவிட்டால் பூஜ்யம். ஆக 10 என்பது 10, 0, 0. 10.0 என்பது 10, 1, 0. 10.4 என்பது 10, 5, 0. 10.4.0 என்பது 10, 5, 1. படிக்கும்போது பூஜ்யம் வந்தால் அந்தப் பகுதி எழுதப்படவில்லை. வேறு எண் வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். தனிப் பிட்டுக்கு இடமே தேவையில்லை. இதைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அணியில் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டார். 10-க்கும் 10.0-க்கும் ஒரே ஹாஷ் என்றால், ஒருவர் சேமித்த மாட்யூல் மற்றவருக்குப் போய், தவறான எழுத்து மீண்டும் செய்தியில் வராதா? நல்ல கேள்வி. மூலநிரலின் உள்ளடக்கமும் சேமித்ததைத் தேட உதவும் சாவியில் தனியாகச் சேர்வதால் அது நடக்காது. சோதித்துப் பார்த்த பிறகே நம்பினோம்.

கோப்பு வடிவத்தின் எண்ணை ஒன்று உயர்த்தினோம். பழைய கோப்புகளைப் புதிய கம்பைலர் தொடவே தொடாது. பிறகு இருவரும் ஒரே நிரலைக் கம்பைல் செய்து, எம்டி5-இன் 32 இலக்கங்களையும் தொலைபேசியில் மாற்றி மாற்றி வாசித்தோம். வெளியே மழை பலமாக இருந்ததால் பதினேழாவது இலக்கத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போயிற்று.