அப்பாவோடு இரண்டு நாள், தண்ணீர்மேல்

ஆகஸ்ட் 29, 2025, வெள்ளி. சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்களும் லீவு. நாளை விடியுமுன் கிளம்புகிறோம். அத்தை இப்போதே புளிச்சோறு கட்டி, நெத்திலி சம்பலைத் தனி டப்பாவில் வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு 72 வயது. முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) சீவியவர், ஒரு சம்பான் படகில்கூட உட்கார்ந்ததில்லை. 1970-களில் தெமங்கோர் அணைக்கட்டு வேலைக்கு எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசைவீடுகள்) இரண்டு இளைஞர்கள் போனார்களாம். லீவில் வரும்போதெல்லாம், "பெரிய காடுடா, அப்படியே தண்ணிக்குள்ள போவப் போவுது" என்று சொல்வார்களாம். அந்தத் தண்ணீரை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு அப்போதிருந்தே ஆசை.

ஆகஸ்ட் 30, சனி. கிரிக்

கோலாகங்சார், லெங்கோங், கிரிக் தாண்டி பண்டிங் படகுத்துறைக்கு வந்தபோது பனி இன்னும் விலகவில்லை. 1982-இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை தெமங்கோர் அணையால் உண்டான இந்த ஏரியின் மேல் பாலம் போட்டுத்தான் கிளந்தான் பக்கம் போகிறது. பாலத்துக்கு வடக்கே ரோயல் பெலும் வனப்பூங்கா. அங்கே நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்; போகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

படகு கிளம்பியதும் அப்பா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

15,200 ஹெக்டர் என்று படித்திருந்தேன். தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். ஆனால் படகில் போகும்போது பெரிய ஏரி என்றே தோன்றவில்லை. ஒரு மலையைச் சுற்றினால் ஒரு குடா, அதற்குள் போனால் இன்னொரு குடா. தீவு என்று நாம் பார்ப்பதெல்லாம் மலையுச்சிகள்தான். ஓரங்களில் பட்டுப்போன மரங்கள் கிளையில்லாமல் தண்ணீருக்குள் நிற்கின்றன. நாற்பது, ஐம்பது வருடமாக நிற்கின்றன! அப்பா ஒரு மரத்தைக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். படகுக்காரர் எஞ்சினை அணைத்து ஒட்டினார்போல் கொண்டுபோனார். அப்பா பட்டையில்லாத அந்த மரத்தில் விரலை வைத்து, சீவுகிற கோட்டைப் போலச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

படகுக்காரர் ஜஹாய் என்ற பழங்குடி இனத்து இளைஞர். "உங்க தாத்தா ஊர் எது?" என்று அப்பா பாசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாய்) கேட்டார். அவர் ஓர் ஆற்றுவாயைக் காட்டி, அங்கே, அடியில் என்றார். அணை நிரம்பியபோது அவர்களை எல்லாம் மேலே புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எங்கள் கதையைச் சொன்னார். தோட்டத்தை விற்றது, லயத்தை இடித்தது, மாரியம்மன் கோயிலைப் பெயர்த்து ரோட்டோரம் வைத்தது, லயம் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். எனக்குச் சிறுவயதில் இதையெல்லாம் இவ்வளவு விவரமாக அவர் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம், அரைகுறை மலாயில், ஏரி நடுவில் சொன்னார். அந்த இளைஞர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அப்போதுதான் இருவாட்சிகள் வந்தன. மலேசியாவிலுள்ள பத்து வகையும் இந்தக் காட்டில் உண்டு. இது கூட்டமாகப் பறக்கும் வகை. ஆகஸ்ட், செப்டம்பரில்தான் இப்படித் திரள்கின்றன. கண்ணில் படுவதற்கு முன்பே இறக்கைச் சத்தம் கேட்டது. அப்பா அறுபதுவரை எண்ணிவிட்டு, எண்ணுவதை நிறுத்திச் சும்மா பார்த்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. கோலா செபெத்தாங்

தைப்பிங்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்தோம். பழைய பெயர் போர்ட் வெல்ட். ஈயம் ஏற்றுவதற்காக 1885-இல் தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குப் போட்டதுதான் நாட்டின் முதல் இரயில் பாதை. இன்று தண்டவாளம் இல்லை, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் ஊருக்குள் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், கூடவே தமிழ். அப்பா தமிழை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் சத்தமாகப் படித்தார். பக்கத்து மீன்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கரிச்சூளையையும் பார்த்தோம். மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் கரிக்கான பாக்காவ் மரத்தை முப்பது வருடச் சுழற்சியில் வெட்டுகிறார்கள்.

இருட்டியதும் ஆற்றில் படகு. வானத்தில் பாதி நிலா. கரையில் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள், ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. தோட்டத்தில் இரவு பத்துக்கு ஜெனரேட்டரை நிறுத்துவார்களே, அந்த நேரம் நினைவுக்கு வந்தது என்றார் அப்பா.

செப்டம்பர் 1, திங்கள். சுங்கை சிப்புட்

நேற்று இரவே திரும்பிவிட்டோம். நான் எழுந்திருக்குமுன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய லயம் இருந்த பக்கம் போய்விட்டாராம். மணி ஒன்றாகிறது, இன்னும் வரவில்லை. அத்தை சோற்றை மூடி வைத்திருக்கிறார்.